கணக்கெடுக்க வரும் ஆசிரியர்களுக்கு: தாய்க் கிராமத்தோடு திரும்பிவிடாதீர்கள்

வணக்கம் சார், வணக்கம் டீச்சர்.

உங்களில் யார் எங்கள் ஊருக்கு வரப்போகிறீர்கள் என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்கே இன்னும் ஆர்டர் கைக்கு வந்திருக்காது. பெரம்பலூர் மாவட்டத்தில், குன்னம் வட்டத்தில், ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் இப்போது பாடம் நடத்திக்கொண்டிருக்கும் ஒருவர், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக முதலில் வீட்டுப் பட்டியல் எடுக்கவும் அப்புறம் 2027 பிப்ரவரியில் ஆள் கணக்கு எடுக்கவும் கையில் போனும் கழுத்தில் அட்டையுமாக எங்கள் வாசலில் வந்து நிற்பார். அவருக்குத்தான் இந்த மடல். கலெக்டருக்கு எழுதினால்தானே எடுபடும் என்றார் என் மச்சான். கலெக்டர் இரண்டு வருஷத்தில் மாறிவிடுவார், நீங்கள் போனில் தட்டுகிற எண் அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் மாறாது. யாருக்கு எழுதுவது புத்திசாலித்தனம் என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் ஊர் ஒரு குக்கிராமம். சுமார் நூறு வீடு, ஒரு பிள்ளையார் கோயில், ஒரு மேல்நிலைத் தொட்டி, ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம். தாய்க் கிராமம் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தபால், ரேஷன், பஸ் எல்லாம் அங்கேதான். சர்க்கார் கணக்கில் தாய்க் கிராமத்துக்குப் பெயர் உண்டு, எண் உண்டு, ஜனத்தொகை உண்டு. எங்களுக்குப் பெயர் மட்டும் உண்டு, அதுவும் தண்ணீர்த் தொட்டியில் பெயின்டால் எழுதியிருப்பதால்.

போன முறை, 2011 பிப்ரவரியில், கணக்கெடுக்க வந்தவர் தாய்க் கிராமத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஊர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டு வைத்து வீடு வீடாகச் சொல்லச் சொல்லி எழுதினார். சொன்னவருக்கு ஞாபக சக்தி அதிகம்தான், ஆனால் அவருக்கும் அவர் சித்தப்பா மகனுக்கும் வரப்புத் தகராறு, பேச்சுவார்த்தை கிடையாது. அந்த வீட்டில் எத்தனை உருப்படி என்று அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன். வந்தவரைக் குறை சொல்லவில்லை. அன்றைக்கு எங்கள் ஊருக்கு ஜல்லி ரோடுதான், வெயில் வேறு. நான் அந்தப் பெஞ்சுக்கு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. இந்த மடலுக்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தக் கணக்குப்படி பெரம்பலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 5,65,223. அப்போது தமிழ்நாட்டில் இருந்த 32 மாவட்டங்களில் ஆகச் சின்னது நம்முடையதுதான், நீலகிரிகூட நம்மைவிடப் பெரிசு. நூற்றுக்கு 83 பேர் கிராமத்துக்காரர்கள். நகராட்சி என்று பெரம்பலூர் ஒன்று, பேரூராட்சி என்று குரும்பலூர், அரும்பாவூர், பூலாம்பாடி, லெப்பைக்குடிக்காடு நான்கு, மிச்சம் 121 ஊராட்சி. இவ்வளவும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் அந்த 5,65,223இல் எங்கள் ஊர் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் கிடையாது. எங்களை எண்ணாமல் விட்டார்கள் என்று சொல்லவில்லை, எண்ணி ஊற்றிக் கலந்துவிட்டார்கள். கணக்கெடுப்புப் புத்தகம் வருவாய்க் கிராமம் வரைக்கும்தான் இறங்குகிறது. அதற்குக் கீழே இருக்கிற குக்கிராமம், காலனி, காட்டுக்கொட்டாய் எல்லாம் ஒரே அண்டாவில் விழுந்துவிடும்.

வருவாய்க் கிராமம் என்பது என்ன? நிலத்தை அளந்து தீர்வை போடுவதற்காகக் கிழித்த கோடு. சர்வே நம்பருக்குப் போட்ட வேலி, மனுசர் எங்கே கூடி வாழ்கிறார்கள் என்று பார்த்துப் போட்டதில்லை. பெரிய கிராமமாக இருந்தால் நடுவில் வெட்டி எழுமூர் கிழக்கு, எழுமூர் மேற்கு, ஓலைப்பாடி கிழக்கு, ஓலைப்பாடி மேற்கு என்று இரண்டாக்கிவிடுவார்கள். ஊராட்சி எல்லை வேறு. தமிழ்நாடு முழுக்க ஊராட்சி 12,525, குக்கிராமங்களோ சுமார் 79 ஆயிரம். ஒரு ஊராட்சிக்குச் சராசரியாக ஆறு குக்கிராமம் என்று வையுங்கள். ஆறு ஊருக்கு ஒரு பெயர், ஒரு எண். ஆறு பிள்ளை பெற்ற வீட்டில் மூத்தவனுக்கு மட்டும் பிறப்புச் சான்றிதழ் வாங்கி வைத்த மாதிரி.

எங்கள் முகவரியைச் சொல்கிறேன், கேளுங்கள். எங்கள் தாசில்தார் குன்னத்தில் இருக்கிறார், ஒன்றிய அலுவலகம் வேப்பூரில் (வேப்பூர் என்றால் கடலூர் மாவட்டத்து வேப்பூரா என்று வெளியூரில் கேட்பார்கள், இது வேறு வேப்பூர்), கலெக்டர் பெரம்பலூரில். எம்எல்ஏ தொகுதி குன்னம், அது பாதி அரியலூர் மாவட்டத்துக்குள் போகிறது. எம்பியைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள்: பெரம்பலூர் என்ற பெயரிலேயே ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருக்கிறது, நாங்கள் அதில் இல்லை. அதில் லால்குடி இருக்கிறது, முசிறி இருக்கிறது, கரூர் மாவட்டத்துக் குளித்தலைகூட இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம்காரர்கள் ஓட்டுப் போடுவது சிதம்பரம் தொகுதிக்கு. அரியலூர் மாவட்டத்தை முழுசாகத் தாண்டிக் கடலூர் மாவட்டத்துக்குள் போனால் வரும் சிதம்பரத்துக்கு. 2008 தொகுதி மறுவரையறையில் வந்த ஏற்பாடு இது. யார் மேப்பை எந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு கோடு போட்டார்களோ தெரியவில்லை.

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. 1995 வரைக்கும் நாங்கள் திருச்சி ஜில்லா. அப்புறம் பெரம்பலூர் மாவட்டம். 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது, 2002 மார்ச்சில் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள், 2007 நவம்பரில் திரும்பவும் பிரித்தார்கள். செந்துறைப் பக்கத்தில் என் அத்தை வீட்டில் யாரும் ஒரு பெட்டியைக்கூட நகர்த்தவில்லை, பன்னிரண்டு வருஷத்துக்குள் நான்கு முறை வேறு மாவட்டத்துக்காரர்கள் ஆகிவிட்டார்கள். மாவட்டம் வரும் போகும், தாலுக்கா வரும் போகும், ஊர் அப்படியே இருக்கும். அப்படியே இருக்கிற அந்த ஒன்றைத்தான் எந்தப் பதிவேட்டிலும் ஒரு அலகாக வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

இதில் என்ன நஷ்டம், பெயர்தானே என்று நினைப்பீர்கள். அப்பா இறந்தபோது வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்தேன். ரேஷன் அட்டையில் தாய்க் கிராமத்தின் பெயர், ஆதாரில் குக்கிராமத்தின் பெயர், பட்டாவில் மூன்றாவதாக ஒரு வருவாய்க் கிராமத்தின் பெயர், கரண்ட் பில்லில் நான்காவதாக ஏதோ ஒரு பெயர். நான்கும் ஒரே வீடு, ஒரே வேப்பமரம். ‘முகவரி பொருந்தவில்லை’ என்று விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை, அங்கே உட்கார்ந்திருந்தவருக்கும் திரையில் தெரிந்த கட்டத்துக்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தக் கட்டத்தில் எங்கள் ஊர் இல்லை, அவ்வளவுதான். கடைசியில் ஊரில் நாலு பேரைக் கூட்டிப் போய் ‘இவன் இந்த ஊர்க்காரன்தான்’ என்று சொல்ல வைத்தேன். பட்டா, சிட்டா, அடங்கல், அ பதிவேடு எல்லாம் ஆன்லைனில் வந்த காலத்தில் நான் சாட்சி கொண்டுபோனேன்.

பழைய ஆட்கள் கேட்டால், கர்ணம் (அந்தக் காலத்துக் கிராமக் கணக்குப்பிள்ளை) காலத்தில் இப்படி இருக்காது என்பார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கர்ணமும் கிராம முன்சீபும் பரம்பரையாக உட்கார்ந்திருந்த காலத்தில் யாரிடம் பேனா இருந்ததோ அவர் குடும்பத்து நிலம் ஒரு வரப்பு அகலமாக வளரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1980 நவம்பரில் எம்ஜிஆர் அரசு ஒரு அவசரச் சட்டத்தில் அந்தப் பதவிகளை ஒழித்ததும், பிறகு கிராம நிர்வாக அலுவலர் என்று தேர்வு எழுதி வருகிறவர்களைப் போட்டதும் சரியான காரியம்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கர்ணத்துக்கு எந்தக் காட்டுக்கொட்டாயில் எத்தனை தலை என்று விரல் நுனியில் இருந்தது. இன்றைக்கு விஏஓவுக்கு அது தெரிய நேரம் இல்லை, பாதிப் பேருக்குக் கூடுதல் பொறுப்பாக இன்னொரு கிராமமும் இருக்கிறது. விவரம் தெரிந்தவர் என்று மிஞ்சுவது தலையாரி ஒருத்தர்தான். கிராம உதவியாளர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், நாங்கள் இன்னும் தலையாரி என்றுதான் கூப்பிடுகிறோம்.

இன்னொருவருக்குத் தெரியும், வார்டு மெம்பர். அவரும் இப்போது இல்லை. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து வந்த ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, எல்லாம் தனி அலுவலர் கைக்குப் போனது. தனி அலுவலர் என்றால் ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலர், நம் மாவட்டத்தில் ஒன்றியத்துக்குச் சராசரி முப்பது ஊராட்சி. 2016 அக்டோபரிலிருந்து 2019 கடைசி வரைக்கும் இதே கதைதான். தெருவிளக்கு எரியவில்லை என்றால்கூட யாரிடம் சொல்வது என்று தெரியாத நேரத்தில் நீங்கள் வருகிறீர்கள். ஆகவே வழிகாட்ட யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு வாருங்கள், அப்போதுதான் ஏமாற்றம் இருக்காது.

சரி, எண் எதற்கு என்ற விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குப் பாடம் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம், ஆனால் ஒரு தலையை விட்டால் என்ன ஆகும் என்பது பயிற்சி வகுப்பில் சொல்லப்படுமா என்று சந்தேகமாக இருக்கிறது. உள்ளாட்சிகளுக்கான பதினைந்தாவது நிதிக்குழுப் பணத்தை 2011 ஜனத்தொகைக்கு நூற்றுக்கு 90, பரப்பளவுக்கு 10 என்ற எடை வைத்துப் பங்கு போட்டார்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் டீக்கடை பெஞ்சில் எழுதிய எண்ணும் அந்தப் பங்குக்குள் இருக்கிறது. அங்கன்வாடி வைக்க 400லிருந்து 800 பேர் வேண்டும். துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5,000 பேர், மலையில் 3,000 பேர். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 30,000. ஒன்றியக் கவுன்சிலர் வார்டு 5,000 பேருக்கு ஒன்று, மாவட்டக் கவுன்சிலர் வார்டு 50,000 பேருக்கு ஒன்று. தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு எத்தனை ஊராட்சியில் ஒதுக்குவது என்பதும் ஜனத்தொகையில் அவர்கள் பங்கைப் பார்த்துத்தான். கிராமசபைக்கு எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்பதைக்கூட ஜனத்தொகைதான் சொல்கிறது: 501லிருந்து 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர்.

அங்கன்வாடி ஒன்றைமட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எங்கள் ஊரில் அங்கன்வாடி இல்லை. தாய்க் கிராமத்தில் இருக்கிறது. ஜனத்தொகைக் கணக்கில் எல்லோரும் சேர்ந்து ஒரே ஊர் என்பதால் ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்பது பதில். மூன்று வயதுப் பிள்ளை மூன்று கிலோமீட்டர் நடக்காது. அம்மா கொல்லைக்கு, அதாவது வயல் வேலைக்கு, போக வேண்டும், பாட்டியால் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது, ஆக எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் முக்கால்வாசி அங்கன்வாடியின் வருகைப் பதிவேட்டில் இருப்பார்கள், அங்கன்வாடியில் இருக்கமாட்டார்கள். இத்தனைக்கும் குறைந்த ஆட்கள் உள்ள குடியிருப்புக்கு 150 பேர் இருந்தாலே குறு அங்கன்வாடி தரலாம் என்று விதி இருக்கிறது. எங்கள் ஊரில் 150க்கு மேலேயே இருக்கிறோம். நிரூபிக்க ஒரு காகிதம் கிடையாது. எண்ணிப் பார்த்தால் தெரியும், எண்ணியது தனியாக எங்கும் எழுதப்படவில்லை.

இனி நீங்கள் வரும் நாளைப் பற்றி.

பிப்ரவரியில் எங்கள் பக்கம் பருத்தி எடுப்பு. மக்காச்சோளம் அறுத்து முடித்தவர்கள் காயப்போட்டுக்கொண்டிருப்பார்கள், ரோட்டிலேயே காயும், வண்டியை ஓரமாக ஓட்டி வாருங்கள். வெயில் ஏறினால் பருத்தி எடுக்க முடியாது என்று பெண்கள் விடியற்காலையிலேயே கொல்லைக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடம் முடிந்து நீங்கள் நாலரை மணிக்கு வந்தீர்கள் என்றாலும் வீட்டில் கிழவியும் ஆட்டுக்குட்டியும்தான் இருக்கும். ஆறரைக்கு மேல் வாருங்கள். அடுப்பு எரிகிற நேரத்தில் வந்தால் இன்னொரு வசதி இருக்கிறது: குடும்பம் என்பதை ஒரே சமையல் என்று வைத்துத்தானே உங்களை எழுதச் சொல்கிறார்கள். ரேஷன் அட்டை மூன்று இருக்கும், உலை ஒன்றுதான் இருக்கும். அதே மாதிரி ஒரே கூரை, நடுவில் ஒரு தட்டி, இரண்டு பக்கமும் இரண்டு உலை, அண்ணன் தம்பி பாகம் பிரித்து எட்டு வருஷம் ஆகியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வீடு. கேட்டால் முறைத்துக்கொண்டே இரண்டு என்பார்கள்.

கிழவிகள் விஷயத்தில் ஜாக்கிரதை. எங்கள் ஊரில் பாதித் தாய்மார்கள் மகன்களிடம் மாத முறையில் இருக்கிறார்கள், மூத்தவன் வீட்டில் தை, இளையவன் வீட்டில் மாசி என்று. மூத்தவனைக் கேட்டால் ‘அம்மா தம்பி வீட்டில்’ என்பான், தம்பியைக் கேட்டால் ‘அவங்க அண்ணன் கார்டில்தான் இருக்காங்க’ என்பான். இரண்டு வீட்டிலும் எழுதாமல் ஒரு பாட்டி காணாமல் போய்விடுவாள், அல்லது இரண்டு பாட்டி ஆகிவிடுவாள். திண்ணையில் உட்கார்ந்திருப்பவரை நேராகக் கேளுங்கள், ‘ராத்திரி எங்கே பாட்டி சாப்பிட்டீங்க’ என்று. சரியான பதில் அவரிடம் இருக்கும், கூடவே மருமகளைப் பற்றிக் கொஞ்சம் வரும், அதை எழுத வேண்டாம்.

பூட்டிய வீடுகள் தெருவுக்கு நாலைந்து இருக்கும். கொஞ்சம் பேர் திருப்பூரில், கொஞ்சம் பேர் சென்னையில், நிறையப் பேர் சிங்கப்பூர், துபாய், சவுதி. 2011இல் நம் மாவட்டத்தில் 1,000 ஆண்களுக்கு 1,003 பெண்கள் என்று வந்ததைப் பெருமையாகப் பேசினார்கள். பெருமைப்பட ஒன்றும் இல்லை, ஆண்கள் விமானம் ஏறிவிட்டார்கள், அவ்வளவுதான். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் கணக்கைப் பார்த்தால் பெண் பிள்ளைகள் குறைவு, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கணக்கெடுக்கும் நாட்கள் முழுக்க ஊரில் இல்லாதவரை ஊரில் சேர்க்கக்கூடாது, எங்கே இருக்கிறாரோ அங்கேதான் சேர்க்க வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியும். விதி நியாயம்தான். பொங்கலுக்கு வந்து எண்ணினால் எங்கள் ஊர் ஒன்றரை மடங்கு இருக்கும், பிப்ரவரியில் வருகிறீர்கள், சரி, அது உங்கள் தப்பில்லை. நான் கேட்பது, பூட்டைப் பார்த்ததும் ‘ஆள் இல்லை’ என்று முடிக்காதீர்கள் என்பது மட்டும்தான். பூட்டிய வீட்டுக்காரர் சில பேர் பின்னால் காட்டுக்கொட்டாயில் ஆட்டுக்குக் காவலாகப் படுத்திருப்பார்.

வேறு வகை ஆட்களும் உண்டு, அவர்களை ஊர்க்காரர்களே சொல்லமாட்டார்கள். கல் குவாரியில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். எறையூர்ப் பக்கம் சிப்காட்டில் காலணி ஆலை வந்த பிறகு வாடகைக்கு அறை எடுத்து ஏழெட்டுப் பிள்ளைகளாகத் தங்குவதும் ஆரம்பித்திருக்கிறது. ‘அவங்க நம்ம ஊர் இல்ல சார்’ என்று சொல்லி உங்களை அடுத்த தெருவுக்குத் திருப்பி விடுவார்கள். எங்கள் குடும்பத்துப் பையன்கள் துபாயில் எப்படி இருக்கிறார்களோ அப்படித்தான் அவர்கள் இங்கே. தண்ணீர் எங்கள் தொட்டியிலிருந்துதான் குடிக்கிறார்கள், எண்ணத்தான் வேண்டும். நரிக்குறவர் குடும்பங்களையும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில்தான் அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்துச் சட்டம் வந்தது, ஆக பழங்குடியாக அவர்கள் எண்ணப்படுவது இதுதான் முதல் தடவை. பாசிமணி விற்கத் திருவிழா திருவிழாவாகப் போகிறவர்கள். வீடு வீடாகப் போகும் நாட்களில் கிடைக்காவிட்டால், வீடில்லாதவர்களை எண்ணுகிற அந்தக் கடைசி ராத்திரியில் பஸ் ஸ்டாண்டையும் கோயில் மண்டபத்தையும் ஒரு தடவை நன்றாகப் பாருங்கள்.

இந்த முறை சாதியும் கேட்கப் போகிறீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லாச் சாதியையும் எண்ணுவது 1931க்குப் பிறகு இப்போதுதான். என் வேண்டுகோள் சின்னது. ஊர்த்தெருவில் எந்தக் குரலில் கேட்கிறீர்களோ அதே குரலில் காலனியிலும் கேளுங்கள். பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்து ‘இவங்க அவங்கதானே?’ என்று கண்ணால் கேட்டு எழுதாதீர்கள், வீட்டுக்காரரே சொல்லட்டும். கூட வருகிற வழிகாட்டியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். நம் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி நூற்றுக்கு 31 பேர் ஆதிதிராவிடர். காலனிக்கு என்று தனிப் பெயர் பல ஊரில் உண்டு, அந்தப் பெயரையும் அவர்களிடமே கேட்டு எழுதுங்கள், ‘காலனி’ என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுப் பட்டியலில் டிவி இருக்கிறதா, வண்டி இருக்கிறதா, கார் இருக்கிறதா என்று கேட்பீர்கள். கேட்டதும் எங்கள் ஊர்ப் பெண்கள் முகம் மாறிவிடும். 2023 செப்டம்பரிலிருந்து வருகிற ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை நின்றுவிடும் என்று நினைப்பார்கள். கார் இருந்தால் அந்தத் தொகை கிடையாது என்று விண்ணப்பம் கொடுக்கும்போது சொன்னார்கள் அல்லவா, அது மனதில் இருக்கிறது. மகன் தவணையில் வாங்கிய பழைய ஆம்னியை வைக்கோல் போருக்குப் பின்னால் தள்ளி நிறுத்தியிருப்பார்கள், நான் இப்போதே சொல்லி வைக்கிறேன். 1948 மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி தனி ஆளின் விவரத்தை யாருக்கும் காட்டக்கூடாது என்று இருக்கிறதே, அதை முதல் கேள்விக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். புரியும்படி சொல்லுங்கள்: ‘இதை வைச்சு எதையும் நிறுத்த மாட்டாங்க, பட்டா கேஸுக்கும் இது போகாது.’ நீங்கள் டீச்சர் என்பதால் நம்புவார்கள். வேறு எந்த அரசு ஆள் சொன்னாலும் நம்பமாட்டார்கள், இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

இவ்வளவும் நீங்கள் செய்தாலும், எண் மறுபடி அண்டாவில் கலந்துவிடும் என்பதுதான் எனக்குக் கவலை. உங்களுக்குச் சில நூறு பேர் அடங்கிய ஒரு பிளாக் தருவார்கள். எங்கள் மாதிரிச் சின்ன ஊரைத் தாய்க் கிராமத்தின் கடைசித் தெருவோடு ஒட்டவைத்து ஒரு பிளாக் ஆக்குவதுதான் வழக்கம், ஆள் எண்ணிக்கை சரியாக வரட்டும் என்று. முடிந்தால் தாசில்தாரிடம், அவர்தான் உங்களுக்குப் பொறுப்பு அலுவலர், குக்கிராமத்தைப் பிளக்காமல், இன்னொன்றோடு ஒட்டாமல் பிளாக் பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால் வரைபடத்திலாவது ஊரின் பெயரை ஊர்க்காரர் சொல்கிற மாதிரி எழுதுங்கள். எங்கே எங்கள் ஊர் ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று ஒரு கோடு போடுங்கள். ஓடைப்பாலம் ஆரம்பம், அய்யனார் கோயில் கடைசி. நாளைக்கு யாராவது ஒரு நல்ல அதிகாரி உட்கார்ந்து குக்கிராமவாரியாகக் கூட்டிப் பார்க்க நினைத்தால், கூட்டுவதற்கு அந்தக் கோடு வேண்டும். கோடு இல்லாவிட்டால் அவர் நினைத்தாலும் முடியாது.

விஏஓ சார்களும் இதைப் படித்தால், ஒன்று உங்களுக்கு: ஜமாபந்தியில், அதாவது வருஷாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கையில், பசலிக் கணக்கு ஒப்படைக்கும்போது எத்தனை ஏக்கர் பருத்தி, எத்தனை ஏக்கர் மக்காச்சோளம், எத்தனை ஏக்கர் சின்ன வெங்காயம் என்று சென்ட் சுத்தமாகச் சொல்கிறீர்கள். அந்த வெங்காயத்தை நட்டவர்கள் எந்தெந்தக் குடியிருப்பில் எத்தனை பேர் என்று அரைப் பக்கம் சேர்த்து எழுதி வைப்பதற்கு எந்த விதியும் தடை சொல்லாது என்று நினைக்கிறேன். தலையாரியிடம் கேட்டால் ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை.

சொல்ல மறந்துவிட்டேன், ஆப்பில் எங்கள் ஊரில் சிக்னல் தொல்லை வரும். கோயில் மேடையில் நின்றால் இரண்டு கோடு வரும், தொட்டியின் மேல் ஏறினால் நாலு வரும், ஏறவேண்டாம், படிக்கட்டு துருப்பிடித்திருக்கிறது. மினி பஸ் காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று, சாயங்காலத்து வண்டியை நம்பாதீர்கள், கணக்கு முடித்து எட்டு மணி ஆனாலும் நான் வண்டியில் கொண்டுவந்து மெயின் ரோட்டில் விடுகிறேன். வருகிற நாளை ஒரு நாள் முன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள், யார் வீட்டில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தலையாரியையும் கூட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். அன்றைக்குக் கணக்குச் சொன்னவரின் சித்தப்பா மகன் வீட்டுக்கும் நானே கூட்டிப்போகிறேன், அந்த வரப்புத் தகராறு போன வருஷம்தான் தீர்ந்தது. பாலத்தைத் தாண்டியதும் இரண்டு நாய் துரத்தும், கடிக்காது, வண்டியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தாய்க் கிராமத்துக்குக் கிழக்கே மூன்றாவது கிலோமீட்டரில் இருப்பவன்